கல்யாணமாகி டல்லாஸ் போகும் பெண்ணின் பாட்டு என்னவாகும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு வயது 25. ஏழு வயதிலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ப் பாட்டுக் கற்றவள். திருநெல்வேலி வானொலியில், பாடகர்களுக்குத் தரும் தரவரிசையில் பி-ஹை கிரேடு வாங்கியிருக்கிறாள். இப்போது டல்லாஸில் கணினித் துறையில் இருக்கும் மாப்பிள்ளை அமைந்திருக்கிறார். "அங்கே போனால் இவள் பாடகியாக வாழ முடியுமா? இல்லை, கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சென்னையில் இரண்டு மூன்று வருடம் முயன்று பார்க்கட்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

அண்ணாச்சி, இந்தக் கேள்வியை என் அப்பா 1998-ல் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரி. அந்த வருடம் தை மாதம் கல்யாணம், சித்திரையில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம். இருபத்துமூன்று ஆண்டுகள் அங்கே பாடினேன், அதைவிடப் பல மடங்கு சொல்லிக்கொடுத்தேன். 2021-ல் ஊர் திரும்பினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கச்சேரியை மட்டும் நம்பி யாரும் வாழ முடியாது. பாட்டு டீச்சராக நன்றாக வாழலாம். பத்து வருடம் அப்படிச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும்தான் உங்கள் மகளின் கச்சேரிக்கு வந்து உட்காரும் ரசிகர்கள். அங்கே ரசிகர்கள் முன்பே காத்திருப்பதில்லை, நாமே விதைத்து வளர்க்க வேண்டும். இதற்கு மனம் ஒப்பினால் அவள் தயங்காமல் போகலாம்.

ஊரை விட்டுப் போனால் வித்தை போய்விடும் என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. நம் சீமையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் திருவாரூரிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குப் போனது. அங்கே அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். பிறகு அவருக்கு வாழ்க்கை கொடுத்த இடம் எட்டயபுரம் சமஸ்தானம். அண்ணன் முத்துசாமி தீட்சிதரும் கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835-ல் அங்கேயே காலமானார். அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் அதே எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெரிய இசை நூலை அச்சுக்குக் கொண்டுவந்தார். தஞ்சாவூர்ச் சீமைப் பாட்டு நம் கரிசல் காட்டில் வந்து பிழைத்தது ஆதரிக்க ஆள் இருந்ததால்தான். இன்று டல்லாஸிலும் டொராண்டோவிலும் ஜமீன்தார் கிடையாது. மாணவர்களின் பெற்றோர்தான் அங்கே சமஸ்தானம்.

இனி, சங்கீதத்தைவிட முந்திக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார்? எச்-1பி என்னும் வேலை விசா என்றால் உங்கள் மகள் எச்-4 என்னும் துணைவர் விசாவில் போவாள். அந்த விசாவில் இருப்பவர் வேலை செய்து சம்பாதிக்கக் கூடாது. பாட்டு வகுப்புக்குக் கட்டணம் வாங்குவதும் வேலைதான். 2015 மே மாதத்திலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது. கணவருக்கு ஐ-140 என்னும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால், மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவனமே அங்குள்ள தன் கிளைக்கு மாற்றி அனுப்பும் எல்-1 விசா என்றால் மனைவிக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. கிரீன் கார்டோ குடியுரிமையோ அவரிடம் இருந்தால் நிலைமை வேறு. ஆகவே நகை, மண்டபம் பேசும்போதே "தம்பி, உங்கள் ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டதா?" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல பிள்ளையாக இருந்தால் அவரே விளக்கிச் சொல்வார்.

நான் போனபோது அந்த வழி கிடையாது. ஏழு வருடம் ஒரு டாலர்கூட வாங்காமல் சொல்லிக்கொடுத்தேன். பெற்றோர் தேங்காய் பழத்தோடு வருவார்கள், விஜயதசமிக்கு ஒரு புடவை வைத்துக் கொடுப்பார்கள். இந்திய வங்கிக் கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டால் தப்பில்லை என்று சிலர் உங்களுக்கும் சொல்வார்கள். அவள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் அமெரிக்கா என்பதால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அதைச் செய்யவே வேண்டாம். பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் அது வந்து மறிக்கும்.

2005-ல் கிரீன் கார்டு வந்தது. அதன்பின் தலைக்கு 12 டாலர் என்று வகுப்பைத் தொடங்கினேன். முதல் மாதம் ஆறு பிள்ளைகள், மூன்றாம் வருடம் முப்பத்தெட்டு. வார நாட்களில் பள்ளிக்கூடம் விட்ட பிறகும், சனி ஞாயிறு முழுதும் வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகளைப் போலவே தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளும் வருவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டியிருக்கும். தெலுங்குக் கிருதியின் பொருளைத் தெலுங்குக் குழந்தைக்கே நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் சூட்டிகையானவர்கள், கேள்வி கேட்பார்கள். "ஏன் இந்தக் காந்தாரத்தை இப்படி ஆட்டிப் பாட வேண்டும்? அசைக்காமல் பாடினால் என்ன?" என்று பத்து வயதுப் பெண் கேட்டாள். என் குருவிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. பதில் தேடிப் போனதில் எனக்கே தோடி ராகம் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்தது. உங்கள் மகள் ராகலட்சணம், தாளக் கணக்கு, சாகித்தியப் பொருள் இவற்றை வாயால் விளக்கப் பழகிக்கொள்ளட்டும். கேட்டுக் கேட்டே கற்ற நமக்கு இது எளிதில் வராது.

கச்சேரிகளைப் பற்றிச் சொல்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய நகரத்திலும் தை, மாசியை ஒட்டி ஒரு தியாகராஜ ஆராதனை நடக்கும். திருவையாற்றில் பகுள பஞ்சமி திதியில் நடப்பதை அங்கே வசதியான சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொள்வார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் தியாகராஜர் பாடிய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுவார்கள். அதில் முன்வரிசையில் உட்கார்ந்து பிசகாமல் பாடினாலே ஊருக்குள் பெயர் தெரிந்துவிடும். பெரியது கிளீவ்லாந்து தியாகராஜ விழா. 1978-ல் தொடங்கியது, ஈஸ்டரை ஒட்டி நாள்கணக்கில் நடக்கும். எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். வருடம் தவறாமல் மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போவேன். போட்டியில் தோற்ற பிள்ளைகள்கூட மாலைக் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வேறு பிள்ளைகளாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்குள்ள சபாக்கள் முதன்மைக் கச்சேரிக்கு இந்தியாவிலிருந்து வரும் வித்வான்களையே அழைக்கும். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அவர்கள் சுற்றுப்பயணமாக வருவார்கள். வார இறுதியில் கச்சேரி, இடைப்பட்ட நாட்களில் ரசிகர் வீடுகளில் தங்கல். உள்ளூர்க்காரருக்கு அதற்கு முந்தைய ஒரு மணி நேரமோ, நவராத்திரி கோவில் கச்சேரியோதான் கிடைக்கும். பதினைந்து வருடம் ஊரில் இருந்த என்னிடம் ஒரு சபாக்காரர், "நீங்கள் நம் ஊர்க்காரர்தானே, சன்மானம் எதற்கு?" என்று கேட்டார். அன்று இரவு அழுதேன். மறுநாள் வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள், அழுகை நின்றுவிட்டது.

பாடகியை விடப் பக்கவாத்தியக்காரருக்கு அங்கே தேவை அதிகம். வயலின், மிருதங்கம் வாசிப்பவர்கள் வெறும் கையோடு உட்கார வேண்டியதில்லை. மிருதங்கத்துக்குத்தான் குளிர்காலம் சோதனை. வெப்பமூட்டிய அறையின் வறட்சியில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும், வார் பிடிக்கவும் மூட்டுப் போடவும் ஆள் கிடைக்காது. அதனால் பலர் திருகு வைத்த மிருதங்கத்துக்கு மாறிவிட்டார்கள். பாடகிக்கு இருக்கும் இன்னொரு வாசல் பரதநாட்டியம். அங்கே பதினாறு, பதினேழு வயதில் கல்லூரிக்குப் போகும் முன் அரங்கேற்றம் செய்துவிடுவார்கள், பெரும்பாலும் கோடை விடுமுறையில். சென்னையிலிருந்து குழு முழுவதையும் வரவழைப்பது செலவு, விசாவும் நிச்சயமில்லை. உள்ளூரிலேயே நாட்டியத்துக்குப் பாடத் தெரிந்த ஒரு குரல் இருந்தால் ஆசிரியைகள் விடமாட்டார்கள். ஆனால் நாட்டியத்துக்குப் பாடுவது தனிப் பயிற்சி. நட்டுவாங்கத் தாளத்தின் மேல் ஒரு கண், ஆடுபவளின் மூச்சின் மேல் ஒரு கண் வேண்டும். ஒரே வரியை ஏழெட்டு விதமாக, அபிநயம் முடியும்வரை பாட வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் கிடைத்தால், திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நாட்டிய ஆசிரியையிடம் போய் உட்கார்ந்து இரண்டு வர்ணமும் நாலு பதமும் பாடிப் பழகட்டும்.

பல்கலைக்கழக வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1963-ல் மிருதங்கம் டி. ரங்கநாதன் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கேதான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார். இருவரும் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்கள். அவர்களிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கரைத்தான் நம் ஊர் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று கொண்டாடியது. அது பெரிய சாதனை. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு, இன்று பெரும்பாலும் முனைவர் பட்டமும் கேட்பார்கள். அதை நம்பிப் போக வேண்டாம்.

நான் அதிகம் எழுத நினைப்பது வேறொரு ஆபத்தைப் பற்றி. 2006 மார்கழியில் சென்னையில் எனக்கு ஒரு பகல் கச்சேரி கிடைத்தது. எட்டு வருடம் கழித்து மெட்ராஸில் பாடுகிறேன். அரங்கில் இருபது பேர், அதில் எட்டுப் பேர் என் உறவினர்கள். கல்யாணி ராக ஆலாபனை பாடி, ஒரே வரியைக் கற்பனையாக விரித்து நிரவல் பாடி, கற்பனாஸ்வரமும் பாடினேன். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. என் குரு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, காபி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் சரியாக இருந்தது அம்மா. ஆனால் குழந்தைக்குப் பாடம் சொல்வது போலப் பாடினாய்." அதை விடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. எட்டு வருடம் சரளி வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று தொடக்கப் பாடங்களையே மெதுவாக, தெளிவாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரித்துப் பிரித்துக் காட்டிப் பாடியதில், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் என் கமகங்கள் எல்லாம் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளத் தக்க அளவுக்குச் சின்னதாகிவிட்டன. வேகமாக உருளும் பிருகா போய்விட்டது. கற்பனாஸ்வரம் நான் போர்டில் எழுதிப்போடும் கணக்குகளாக ஆகிவிட்டது. சுற்றிலும் என்னை விடத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் இது எனக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வருடம் முதல் இரண்டு காரியம் செய்தேன். தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் மாணவர்களுக்கு வேண்டாத பாட்டையே பாடுவது என்று வைத்துக்கொண்டேன். அடுக்ககத்தில் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டார் புகார் சொன்னார்கள். கம்பளிக் கோட்டுகள் தொங்கும் துணி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். இரண்டாவது, வாரம் ஒருமுறை குருவிடம் பாடம். முதலில் தொலைபேசியில், பிறகு ஸ்கைப்பில். மாணவி என்ற இடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உட்காராத டீச்சர் ஐந்து வருடத்தில் வற்றிவிடுவார். என் குரு போகும்வரை அதை விடவில்லை.

உங்கள் மகளுக்கு இது இன்னும் எளிது. டல்லாஸில் சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால், கோடையில் கல்லிடைக்குறிச்சியில் மாலை ஆறரை. குருவுக்கும் தோதான நேரம். ஜூமில் ஒரு சிக்கல் உண்டு. அது தம்புராவைத் தேவையில்லாத இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிடும், ஒரே ஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்கும் கார்வைகளையும் வெட்டிவிடும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். குரலும் தாளமும் கொஞ்சம் தாமதமாகவே போய்ச் சேரும் என்பதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாட, மற்றவர் திருப்பிப் பாடுவதுதான் வழி. ஆகவே புதுப் பாட்டுக்கு இணையம் போதும், நிரவலுக்கும் ஸ்வரத்துக்கும் வருடத்தில் ஒரு மாதமாவது குருவின் எதிரே நேரில் உட்கார வேண்டும். டிக்கெட் செலவைக் கல்யாணப் பேச்சிலேயே பேசிவிடுங்கள். இது ஆடம்பரம் இல்லை என்பது மாப்பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டும் யோசிக்கலாம். அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டே டல்லாஸ் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அங்கே மாலை ஆறு மணி என்பது இங்கே கோடையில் அதிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அதிகாலைச் சாதக நேரம் வகுப்பு நேரமாகிவிடும், அவ்வளவுதான். கல்யாணம் வரை அவள் இப்படி நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்க்கட்டும். தனக்குச் சொல்லிக்கொடுக்க வருமா என்று அதில் தெரிந்துவிடும்.

சென்னை யோசனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திறமை இருந்தும் நடுப்பகல் கச்சேரியிலேயே பத்து வருடம் நின்றவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடத்தில் மேலே வந்தவர்களையும் தெரியும். கல்யாணம் வேண்டாம், சென்னைதான் வேண்டும் என்று அவளே சொன்னால் தடுக்காதீர்கள். அவள் சொல்லாமல் நீங்கள் அவளுக்காகச் சொல்ல வேண்டாம்.

வானொலி கிரேடுக்கு அங்கே என்ன மதிப்பு என்று கேட்டிருந்தீர்கள். ரசிகர்களுக்கு அது தெரியாது. ஆனால் கலைஞர் என்ற தகுதியில் பி-3 அல்லது ஓ-1 விசாவுக்கு யாராவது பிற்காலத்தில் மனுச் செய்தால், அது ஆதாரம். கிரேடு கடிதம், அழைப்பிதழ்கள், செய்தித்தாளில் வந்த விமரிசனம், கோவில் விழாத் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் இப்போதே சேர்த்து வையுங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சன்மானம் வாங்கிப் பாடும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெட்டியில் என்ன வைப்பது? பட்டுப்புடவை இரண்டு போதும். குருவின் கையெழுத்தில் இருக்கும் பாட்டு நோட்டுகள் அத்தனையும் போகட்டும், அவற்றைப் படம் எடுத்து ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் பாடங்களைப் பதிவு செய்துகொள்ளட்டும். நம் சீமையின் பாட்டுகளைத் தேடிப் படித்துக்கொண்டு போகட்டும். நெல்லையப்பர் கோவில் காந்திமதி அம்மன் மேல் தீட்சிதர் பாடிய 'ஸ்ரீ காந்திமதீம்' இருக்கிறது, இப்போது ஹேமவதி என்று சொல்லும் 58-ஆவது மேளகர்த்தா (தாய்) ராகத்தில். கழுகுமலை முருகன் மேல் சுத்த தன்யாசியில் ஒன்று இருக்கிறது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இருக்கிறது. அங்கே எல்லா டீச்சரும் ஒரே இருபது பாட்டைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இவளிடம் வேறு பாட்டு இருக்கிறது என்பதற்காகவே ஆள் வரும்.

2017 கோடையில் என் மாணவர்கள் ஒன்பது பேரை இங்கே அழைத்து வந்தேன். காந்திமதி சன்னிதியில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். நாலு வருடமாக ஒஹையோவில் ஒரு வீட்டு அடித்தளத்தில், வெளியே பனி கொட்டும்போது பாடிய பாட்டு. அம்மன் எப்படி இருப்பாள் என்று ஒருத்திக்கும் தெரியாது. திரை விலகித் தீபாராதனை காட்டியபோது, நான் மிகவும் கண்டித்து வளர்த்த ஒரு பெண் பல்லவியை நிறுத்திவிட்டாள், மற்றவர்கள் பாடி முடித்தார்கள். வெளிப் பிரகாரத்தில் வந்து, "டீச்சர், அவள் நிஜமாகவே இருக்கிறாள்" என்றாள். அவள் இன்று அங்கே தன் ஊரில் பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அண்ணாச்சி, உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். ஒரு குழந்தை முதல் பாடமான மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷப ஸ்வரத்தைத் தொடர்ந்து நாற்பது தடவை தப்பாகப் பாடினால், நாற்பத்தோராவது தடவையும் முகம் மாறாமல் பாடிக் காட்ட அவளுக்குப் பிடிக்குமா? யோசித்து, உண்மையாகச் சொல்லட்டும். அதை எனக்கு எழுதுங்கள், டல்லாஸைப் பற்றி மேற்கொண்டு அதன்பிறகு பேசுவோம்.